இருபத்தெட்டாவது மணி

லிங்கன் நீதிமன்ற வாசலில்
பிளாஸ்டிக் தட்டில் போட்டேன்:
சாவிக்கொத்து, இருமல் மிட்டாய், பஸ் பாஸ்,
கடைசியில் இது.
காவலர் வாலைப் பிடித்த மீனாகத் தூக்கினார்.
"கத்தோலிக்கரா?"
"இல்லை. இங்கிலாந்துத் திருச்சபை."
"உங்களுக்கும் இதெல்லாம் உண்டா?"
"முப்பது நாற்பது வருஷமாக" என்றேன்,
ஏதோ புதுப்பணக்காரியைப் போலக் கூச்சத்துடன்.
அவர் எண்ணவில்லை.
எண்ணியிருந்தால் முப்பத்துமூன்று வந்திருக்கும்.
அதில் ஒன்று மணியே அல்ல.

ஒலிவ மரத்தில் முப்பத்திரண்டு.
மற்றது பித்தளை நட்டு.
போன மார்ச்சில் பஸ் நிறுத்தத்தில் நூல் அறுந்தது.
மண்டியிட்டுப் பொறுக்கினேன்,
ஆலயத்தில்கூட அவ்வளவு நேரம் மண்டியிட்டதில்லை.
நாலாம் வாரத்தின் ஏழாம் மணி மட்டும்
சாக்கடைக் கம்பிக்குள் இறங்கிப் போனது.
இரும்புக்கடை கிளிஃபர்ட் இழுப்பறையைத் துழாவி
"இது சேருமா பாருங்கள்" என்றார்.
காசு வாங்கவில்லை.

பன்னிரண்டு நாற்காலிகளில் எனக்கு எட்டாவது.
கூண்டில் பையன், ஜாரட் ஸ்கெல்ஹார்ன், பத்தொன்பது வயது,
புதுக் கோட்டின் கையில்
விலைச்சீட்டு நூல் இன்னும் தொங்குகிறது.
வேன், இருட்டு, சைக்கிள்,
நிற்காமல் போனான் என்கிறது ஒரு தரப்பு.
நின்றான், இறங்கினான், பயந்தான் என்கிறது மறு தரப்பு.
மாடத்தில் ஒரு பெண், தினமும் அதே பச்சைக் கோட்டு.
யாரென்று யாரும் சொல்லவில்லை.
சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பைக்குள் விரல் நகர்ந்தது.
மணிக்கொரு "கர்த்தாவே, இரங்கும்."
முதல் வாரம் பச்சைக் கோட்டுக்காக.
இரண்டாம் வாரம் பையனுக்காக என்று தொடங்கி
அடுத்த சிலுவைமணி வருவதற்குள்
அவன் பொய்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.
மூன்று. இல்லை, நான்கு.
சம்பளக் கணக்கு எழுதியே நரைத்தவள் நான்,
எதைக் கொடுத்தாலும் இந்தக் கை கூட்டிப் பார்க்கும்.

வெளியே பேராலயத்தில் மணி.
சுவரில் மணி மூன்று.
பையில் மணிகள் முடிந்து
நட்டின்மேல் நின்றுவிட்டது கட்டைவிரல்.
மரம் வழுக்கிக்கொண்டு போகும்,
ஆமென் சொல்லிவிட்டு அடுத்ததற்கு.
இது விடாது. ஆறு மூலையாலும் கேட்கும்:
இரங்கும், சரி.
யாருக்கு?

பிறகு எங்களை ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள்.
அங்கே பேசியதை வெளியே சொல்லக் கூடாது. சட்டம்.
இவ்வளவு சொல்லலாம்:
பிஸ்கட் நமுத்திருந்தது.
திரும்பி வந்ததும்
எல்லோருக்குமாக எழுந்து நிற்க வேண்டியவள் நான்.
சொல்ல வேண்டியது ஒரு சொல், அல்லது இரண்டு.
நான் அறிந்த எந்த ஜெபமும் இவ்வளவு சின்னதில்லை.
சொன்னேன்.

பச்சைக் கோட்டு பொத்தான்களைப் போட்டுக்கொண்டது
மேலிருந்து கீழ்வரை, ஒன்றையும் விடாமல்.
பையன் என்னைப் பார்த்தான்.
எதைச் சொல்லியிருந்தாலும்
அப்படித்தான் பார்த்திருப்பான் என்று நினைக்கிறேன்.
தெரியாது.

செங்குத்துத் தெருவில் கம்பியைப் பிடித்து இறங்கினேன்.
மழை. மற்றக் கை பைக்குள்.
சிலுவையிலிருந்து மறுபடி.
அழைப்புமணி. ஒரு வாரம், இன்னொரு வாரம்,
வார்த்தையே இல்லாமல்,
கல்லுக்கும் காலுக்கும் நடுவே எத்தனை வாரங்கள்.
நட்டு வந்தது. நின்றேன்.
பின்னால் வந்தவர்கள் குடையைச் சாய்த்து விலகிப் போனார்கள்.
ஜாரட், என்றேன்.
பச்சைக் கோட்டின் பெயர் எனக்குத் தெரியாது.
அதையும் அப்படியே சொன்னேன்.

இரவு உருளைக்கிழங்கு தோல் சீவும்போது
கட்டைவிரலில் ஆறு மூலையும் பதிந்திருந்தன.
சாப்பிட்டுத் தட்டைக் கழுவும்போது
நான்கு.